பனிமல்லி என்ன ரேட்டு?

"வாடவே வாடாதா?"

"வாடாது."

"எத்தன நாளானாலும்?"

"எத்தன வருசமானாலும்."

"ஐஸ் வைக்க வேணாமா?"

"வேணாங்க."

"ஈரச் சாக்கு போட்டு மூட வேணாமா?"

"ஏங்க, அது ஃபோனுக்குள்ள இருக்குற பூவு. அதுக்கு எதுக்குச் சாக்கு?"

பழனிக்குமார் உலகம் தெரியாத பெண்டாட்டியைப் பார்த்துப் பரிதாபப்படுகிற முகத்தோடு சொன்னான். "வாடாதுன்னு எங்கிட்ட எத்தன பேரு சொல்லிருக்கான் தெரியுமா மேகலா? அம்புட்டுப் பேரும் பத்து மணிக்கு மேல ஃபோன எடுக்க மாட்டாய்ங்க."

ஆடி பிறந்த அன்று நடந்த பேச்சு இது. மணிமேகலைக்கு இன்றும் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அன்றே கொஞ்சம் சுதாரித்திருந்தால் ஃபோனுக்குள் இருக்கிற ஓர் உலகத்தின் சந்தையே கவிழ்ந்திருக்காது என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற மனுஷனிடம் வாடாத பூவைப் பற்றிச் சொன்னது அவள் தப்புத்தான். சேவுகம்பட்டியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் நாற்பது விவசாயிகள், காலையில் பறித்த மல்லியை அவன் கடையில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒன்பது மணிக்குள் அத்தனையும் ஏலம் போய், வேனிலும் பஸ்ஸிலும் ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் அது பூ இல்லை. சென்ட் கம்பெனிக்குக் கேட்ட விலைக்குப் போகிற சரக்கு. பதினேழு வயதிலிருந்து இப்படியே வாழ்ந்ததில், எதுவானாலும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுப் பிரிட்ஜில் முந்தாநாள் மாவைப் பார்த்துவிட்டால்கூட, "இத ஏன் இன்னும் தேக்கி வச்சிருக்க?" என்று பதறிப்போய், தெருவில் அன்று தோசை சுடாத வீடு எது என்று தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மணிமேகலை அப்படி இல்லை. அவள் தேக்கி வைக்கிறவள். அதிலும் ஒரே ஒரு வார்த்தையை ஏழு வருஷமாகத் தேக்கி வைத்திருந்தாள்.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. புருஷனோடு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் முகூர்த்த நாள் என்றால் பட்டுச்சேலை. பூக்காரனுக்கு முகூர்த்த நாள் என்றால் ரேட்டு. முந்நூறுக்கு விற்ற மல்லி மூவாயிரத்தைத் தொடுகிற நாளில் எந்தக் கமிஷன்காரனும் கடையை விட்டு அசையமாட்டான். ஏழு வருஷத்தில் மணிமேகலை போய்வந்த கல்யாணங்கள் அறுபதுக்கு மேல் இருக்கும். அத்தனைக்கும் தனியாகத்தான் போனாள். பக்கத்து இலைக்காரர்கள் விசாரிக்கும்போதெல்லாம் "மார்க்கெட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அது அவளுக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

அவர்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அவன் தாலி முடிந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அதற்காக அவள் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறாள். ஆனால் அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து முடிந்ததும், புதுமாப்பிள்ளை அவள் காதோரம் குனிந்தான். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவன் சொன்ன முதல் ரகசியம் இதுதான்: "மல்லி ரெண்டாயிரத்து எண்ணூறு போயிருச்சு."

இப்போது அவள் தம்பி சிவபிரகாஷுக்கு ஆவணி நாலாம் தேதி கல்யாணம். மண்டபம் திண்டுக்கல்லில். தம்பி தாலி கட்டும்போது தன் பக்கத்தில் தன் புருஷன் நிற்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம்தான். "முடியாது" என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் ஆசைப்படக்கூட வழியில்லையே? "சரி" என்று சொல்லிவிட்டு, மணவறையில் நின்றுகொண்டு மார்க்கெட்டையே நினைத்துக்கொண்டிருந்தால்? அது அதைவிட மோசம்.

ஆடியில்தான் கேட்க முடியும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மல்லி கொட்டோ கொட்டென்று கொட்டும், வாங்க ஆளிருக்காது. பதினோரு மணிக்கெல்லாம் அவன் வீட்டுக்கு வந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அவனோடு உட்கார்ந்து பேச ஒரு சாக்கு வேண்டுமே என்றுதான் மணிமேகலை அவனைத் தன் விளையாட்டில் சேர்த்துவிட்டாள்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஒன்பது துறை'. உலகம் பூராவும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் விளையாடுவது. மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், கப்பல் கட்டலாம், எல்லாவற்றையும் சந்தையில் விற்கலாம். மணிமேகலை ஒரு தனியார் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. அவளும், கணக்கு டீச்சர் ஜீனத்தும், திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற தம்பி சிவபிரகாஷும் சேர்ந்து அதில் 'சிறுமலைச் சங்கம்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள்.

அந்த விளையாட்டில் பனிமலை உச்சியில் ஒரு பூ பூக்கும். அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாது. இவர்கள் பனிமல்லி என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பூ கிடைத்தாலே பெரிது. அதனால் ஒரு பூ நானூறு காசு விலை. பெரிய கப்பல் கட்ட ஆயிரத்து ஐந்நூறு பூ வேண்டும். ஒரு வருஷமாகப் பறித்துப் பறித்து, சங்கத்துச் சேமிப்பறையில் ஆயிரத்து நானூறு பூ சேர்த்துவிட்டார்கள். இன்னும் நூறு பூதான் பாக்கி.

ஆடி எட்டாம் தேதி பள்ளியில் மாதத் தேர்வு. மணிமேகலைக்கு மேற்பார்வை வேலை. "இன்னிக்கிப் பறிச்ச பூவக் கொண்டுபோய் அறையில வச்சிருங்க" என்று புருஷனிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் ஜீனத் ஃபோனைப் பார்த்து, "யா அல்லா" என்றாள். பனிமல்லி ஒன்பது காசு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டானது. தம்பி அழைத்தான். வீட்டில் இருந்த பழனிக்குமாரையும் சேர்த்துக்கொண்டான்.

"மச்சான், என்ன பண்ணீங்க?"

"வித்துட்டேன் மாப்ள!" அவன் குரலில் அப்படி ஒரு பெருமை. "ஆயிரத்து நானூறு பூவு. ஒரு பூ நிக்கல."

"அத ஒரு வருசமா சேத்து வச்சிருந்தோம் மச்சான்!"

"ஒரு வருசமாவா?" பழனிக்குமார் அலறினான். "ஏப்பா, போன ஆடிப் பூவையா உள்ள வச்சிருந்தீக? நான் அறையத் தொறந்ததும் ஆடிப்போயிட்டேன். மணி வேற பதினொன்னர. நல்லவேள நான் பாத்தேன். மொதப் பூவு நானூறு. பெறகு எறங்குச்சு. நின்ன சரக்குன்னா எறங்கத்தான செய்யும்? கடைசிப் பூவ ஒம்போதுக்குத் தள்ளிவிட்டேன். இன்னும் பத்து நிமிசம் விட்டுருந்தா அதுவும் போயிருக்கும்."

மறுமுனையில் தம்பி தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒரே ஆள் ஒரே மணி நேரத்தில் ஆயிரத்து நானூறு பூவைக் கொட்டியதும், எங்கோ புது மலை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சந்தையில் வதந்தி கிளம்பியது. பூ வைத்திருந்த அத்தனை பேரும் பயந்துபோய்த் தங்கள் பூவையும் கொட்டினார்கள். பிரேசில்காரன் கொட்டினான், கொரியாக்காரன் கொட்டினான். எல்லா மொழியிலும் திட்டு விழுந்தது. தமிழில் திட்டியது தம்பி ஒருவன்தான். அதுவும் மச்சான் என்ற மரியாதையோடு.

"மேகலா," என்றாள் ஜீனத், சோற்றைப் பிசைந்துகொண்டே, "தேவையும் அளிப்பும் பாடத்துக்கு இனிமே போர்டுல கோடு போடாத. ஒங்க வீட்டுக்காரரக் கூட்டியாந்து வகுப்புல நிறுத்திரு."

சாயங்காலம் மணிமேகலை சண்டை போடுகிற உத்தேசத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். அவன் காப்பி போட்டு வைத்திருந்தான்.

"விடு மேகலா. நாளைக்கி ரேட்டு ஏறிரும். இன்னிக்கிப் பூவெல்லாம் ராவோட வாடித் தீந்துரும்ல?"

"வாடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல? நீங்க வித்த பூ அம்புட்டும் வாங்குனவங்ககிட்ட அப்படியே இருக்கு."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இருக்கும்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவன் மார்க்கெட்டில் எவ்வளவு மோசமான நாளாக இருந்தாலும் பொழுது சாயும்போது கணக்குத் தீர்ந்துவிடும். மிஞ்சினது வாடும், மறுநாள் புதுப்பூ, புது ரேட்டு. இங்கே என்னடாவென்றால் ஒரு நாள் பண்ணின தப்பு வருஷக்கணக்கில் அப்படியே பச்சென்று நிற்கிறது.

"சரி, கல்யாணங்காச்சிக்கு வாங்குவாய்ங்கள்ல?"

"அங்க கல்யாணமே கெடையாது."

"கோயில் கொட?"

"கெடையாது."

"பொம்பளையாளுக தலையில வைப்பாகள்ல?"

"எல்லாரும் இரும்புத் தொப்பி போட்டிருப்பாங்க."

"ஒரு சென்ட் கம்பெனியாச்சும் இருக்கா?"

"இல்லங்க."

பழனிக்குமார் எழுந்து நின்றுவிட்டான். "யாரு மேகலா இந்த மார்க்கெட்ட நடத்துறது? பூ உள்ள வந்துக்கிட்டே இருக்கு, வெளிய போக வழியே இல்ல! இது என்னிக்கா இருந்தாலும் கவுந்துருக்கும். நான் தள்ளுனதுல இன்னிக்கிக் கவுந்துருச்சு, அம்புட்டுத்தான். எழுதுவோம். கம்பெனிக்காரனுக்கு ஒரு லெட்டர் எழுதுவோம்."

அவள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிஷம் தொண்டை கிழியக் கத்தி நடத்துகிற பாடம். அதை இந்த மனுஷன் காப்பி ஆறுவதற்குள் நடத்திவிட்டான். மணிமேகலைக்குச் சண்டை போட வேண்டும் என்கிற எண்ணமே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து வயது மகள் சாப்பிட்டுத் தூங்கினதும், சோபாவில் உட்கார்ந்து எழுதினார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் தட்டினாள். "ஐயா, தங்கள் ஊரில் பூ வாடுவதில்லை. கல்யாணமும் இல்லை. பிறகு எப்படி விலை நிற்கும்? ஒன்று பூவை வாட விடுங்கள், அல்லது முகூர்த்தம் வையுங்கள்." முகூர்த்தத்துக்கு இங்கிலீஷில் என்ன போடுவது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அவன் தோள் அவள் தோளில் சாய்ந்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இப்படி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

ஃபோன் அடித்தது. சேவுகம்பட்டி மொக்கைச்சாமி. ஆவணி நாலாம் தேதி முகூர்த்தத்துக்கு மல்லி என்ன போகும் என்று விசாரித்தார். பழனிக்குமார் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"அன்னிக்கி மட்டும் நூறு கிலோ எறக்குறேங்கிறாரு மேகலா. இந்த ஆடிக்குப் பட்டதெல்லாம் அந்த ஒரு நாள்ல சரியாப் போயிரும். என்னமோ கேக்கணும்னியே?"

"சீனி தீந்துருச்சு," என்றாள் அவள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஐந்தே நிமிஷத்தில் இரண்டு கிலோ சீனியோடு வந்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிலோ இருந்தது. அதை அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

கடிதத்துக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி பதில் வந்தது. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் சத்தமே இல்லை. பனிமல்லி இரண்டு காசுக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது. கப்பல் கட்டுகிற ஆசையைச் சங்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆடி இருபத்தி நாலாம் தேதி காலையில் விளையாட்டைத் திறந்தவர்களுக்கெல்லாம் ஓர் அறிவிப்புக் காத்திருந்தது. சந்தையின் சமநிலைக்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறார்களாம். இன்று முதல் பனிமல்லி மூன்றே நாளில் வாடிவிடும். அடுத்தது, விளையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பனிமல்லியை அள்ளித் தூவ வேண்டும்.

பழனிக்குமார் மார்க்கெட்டிலிருந்தே ஃபோன் பண்ணினான். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது. "முகூர்த்தம் வச்சிட்டாய்ங்க மேகலா! நம்ம லெட்டரப் படிச்சிருக்கான்!"

அவர்கள் கடிதத்தைப் படித்துத்தான் செய்தார்களோ, அவர்களுக்கே புத்தி வந்து செய்தார்களோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றிலிருந்து ஒன்பது துறைக்கும் பழனிக்குமார்தான் ராஜா. வாடுகிற சரக்கை வைத்து வியாபாரம் பண்ணுவது எப்படி என்று அந்த லட்சக்கணக்கான பேரில் வேறு ஒருத்தனுக்கும் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் சேர்த்து வைத்தார்கள், மூன்றாம் நாள் திறந்து பார்த்து அழுதார்கள். இவன் காலையில் பறித்ததைக் கல்யாணக் கூட்டம் கூடுகிற நேரம் பார்த்து விற்றான். மிச்சத்தை இறங்குவதற்குள் தள்ளினான். நாலே நாளில் சங்கத்துப் பெட்டி நிரம்பிவிட்டது. பெரிய கப்பலுக்கு வேண்டிய பூவைப் புதிதாகவே வாங்கிவிட்டார்கள்.

"மச்சான், ஒங்கள என்னமோன்னு நெனச்சுட்டேன்," என்றான் தம்பி.

"ஊரே அப்படித்தான் நெனச்சுச்சு மாப்ள. விடு."

சிவபிரகாஷுக்குப் பேசி முடித்திருந்த பெண் கீர்த்தனா. அவளும் இதற்குள் விளையாட்டில் சேர்ந்திருந்தாள். ஆடி இருபத்தி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் நடக்கிறதற்கு முன்னால் விளையாட்டில் ஒரு ஒத்திகைக் கல்யாணம் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேருக்கும் ஆசை. மாலை நாலு மணிக்கு முகூர்த்தம் என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

மணிமேகலை விளையாட்டில் தன் உருவமாக நடமாடுகிற ஆளுக்கு இரும்புத் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பட்டு வாங்கி உடுத்திவிட்டாள். "நாலு மணிக்குங்க, மறந்துறாதீங்க," என்று பழனிக்குமாரிடம் காலையிலிருந்து மூன்று தடவை சொன்னாள். அவனும் ஃபோனும் கையுமாகச் சோபாவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முழங்கால் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

விளையாட்டின் கல்யாண மண்டபம் கடலோரத்தில் இருந்தது. சொந்தக்காரர்கள் ஜோடி ஜோடியாக நிற்பதற்கு வட்டக் கற்கள் பதித்திருந்தார்கள். சிவபிரகாஷின் ஆள் விறைப்பாக நின்றான். கீர்த்தனாவின் ஆள் கையில் மாலை. ஜீனத்தும் அவள் புருஷனும் ஒரு ஜோடிக் கல்லில் ஏறிக்கொண்டார்கள். மணிமேகலை ஒரு கல்லில் ஏறி நின்றாள். பக்கத்துக் கல் காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் அம்புக்குறி விட்டுவிட்டு மின்னியது. கீழே எழுத்து ஓடியது: உங்கள் துணை நாற்பது கடல் மைல் தொலைவில் இருக்கிறார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அரையடி தூரத்தில் அவள் துணை ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"அறுநூறு... அறுநூத்து இருவது..." அவன் கண் பளபளத்தது. "மேகலா, இன்னிக்கி ஒரே நாள்ல முன்னூறு கல்யாணம்! பனிமல்லி எகிறுது பாரு! செத்த நேரம் இரு, இத மட்டும் தள்ளிட்டு வாரேன்."

"நாலு மணியாயிருச்சுங்க."

"வாரேன், வாரேன். நீ முன்னாடி நில்லு."

ஃபோனில் கீர்த்தனாவின் குரல் கேட்டது. "அண்ணி, அண்ணன் வரலையா? கல்லு காலியா இருக்கே."

மணிமேகலைக்கு வாய் தானாகத் திறந்தது. "மார்க்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அறுபது கல்யாணத்துக்குத் தனியாகப் போனதற்கு அவளுக்கு அழுகை வந்ததில்லை. நிஜமான பூ, நிஜமான விவசாயி, நிஜமான வயிற்றுப்பாடு. அதற்கெல்லாம் அவள் மனசு சமாதானம் ஆகியிருந்தது. ஆனால் இது ஃபோனுக்குள் நடக்கிற கல்யாணம். ஒரு கிலோ நிஜப் பூகூட இதில் வாடப் போவதில்லை. இதற்கும் இந்த மனுஷன் மார்க்கெட்டில்தான் நிற்பானா?

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஃபோனை மடியில் வைத்தாள். மைக்கை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கையை நீட்டி, அவன் ஃபோனை வாங்கிச் சோபாவில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏ, ரேட்டு எறங்கிரும்..."

"எறங்கட்டும்."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஏலத்தில் ஒரு கூடையைக் கையால் அளைந்ததுமே உள்ளே எத்தனை மொக்கு, எத்தனை விரிந்த பூ என்று சொல்லிவிடுகிறவன், பெண்டாட்டி முகத்தில் எதுவும் புரியாமல் திகைத்தான்.

"என்னாச்சு மேகலா? என்ன வேணும், சொல்லு. இப்பவே போயி வாங்கியாரேன்."

"கடையில விக்கிறதில்ல."

"பெறகு?"

மைக் அணையாத ஃபோன் மடியிலேயே கிடந்தது. திண்டுக்கல்லில் தம்பியும், அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளும், ஜீனத்தும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்திருந்தார்கள். முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மணிமேகலை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆவணி நாலாந்தேதி கடையத் தொறக்காதீங்க. மொக்கைச்சாமி அண்ணன் பூவையும், மத்தவுக பூவையும் அன்னிக்கி ஒரு நாள் பக்கத்துக் கடை சுக்கூர் பாய் வித்துக் குடுக்கட்டும். எந்தம்பி தாலி கட்டுறப்ப நீங்க எம்பக்கத்துல நிக்கணும்."